சொல்லும் கடமையும் மறைக்கும் கடமையும்: குழந்தைக் காப்பின் அறநெறி

ஒரு சமூகம் தன் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பை மருத்துவமனையிடமோ காப்பகத்திடமோ பால்வாடியிடமோ விடுதியிடமோ ஒப்படைக்கும்போது, காக்கும் கடமையோடு இன்னொரு கடமையும் உடன் பிறக்கிறது. காத்த விதத்தைப் பிறர் அறியச் சொல்லும் கடமை அது. பதிவேடு எழுதுதல், குறித்த நாளுக்குள் அரசுக்கு அறிக்கை அனுப்புதல், பதிவுச் சான்றைப் பலர் காணும்படி வைத்தல், கேட்பவருக்குத் தகவல் தருதல் என்பன அதன் வடிவங்கள். இந்த இரண்டாம் கடமை முதற் கடமையின் பிரிக்க முடியாத பகுதியா, அல்லது அலுவலகங்களின் வசதிக்காக அதன்மேல் ஏற்றப்பட்ட சுமையா என்பது நிர்வாகம் சார்ந்த கேள்வியாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது அறநெறி பற்றிய கேள்வியே ஆகும்.

சமய மரபுகள் இக்கேள்விக்குத் தரும் முதல் விடை, சொல்வதற்கு எதிராகவே அமைகிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை அறியலாகாது என்பது பல சமயத்தாரும் போற்றும் நெறி. அனாதைக் குழந்தைக்கு அடைக்கலம் தருவோர் அதைக் கணக்காக எழுதி ஊரறிய வைப்பது தருமத்தின் தூய்மையைக் குறைப்பதாகவே பலர் எண்ணுவர். எல்லாவற்றையும் இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. சித்திரை முழுநிலவன்று சித்திரகுப்தனுக்கு விரதமிருப்பதும், கொங்கு நாட்டு ஊர்களில் சித்திரபுத்திர நயினார் கதை படிப்பதும், ஒவ்வோர் உயிரின் செயலும் தவறாமல் எழுதப்படுகிறது என்ற நம்பிக்கையின் வெளிப்பாடுகள். அப்படி ஒரு கணக்கு மேலே இருக்கும்போது, கீழே இன்னொரு கணக்கு எதற்கு என்று கேட்பது பொருளற்ற கேள்வி அன்று. அதற்கு விடை தேட, சேலம், நாமக்கல் சமவெளியில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்தவை போதிய சான்று தருகின்றன.

தொட்டிலும் அதன் மௌனமும்

பெண் சிசுக்கொலை பரவலாக நடந்த மாவட்டங்களுள் ஒன்றாகச் சேலம் அறியப்பட்டிருந்த காலத்தில், 1992 ஆம் ஆண்டு, முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை அம்மாவட்டத்திலேயே தொடங்கியது. அப்போது நாமக்கல்லும் சேலத்தின் பகுதியே. அது தனி மாவட்டமானது 1997 ஆம் ஆண்டில்தான். வளர்க்க இயலாத, அல்லது வளர்க்க விடப்படாத பெண் குழந்தையைக் கள்ளிப்பாலுக்கு இரையாக்குவதற்குப் பதிலாக அரசின் தொட்டிலில் இட்டுச் செல்லலாம், இட்டவர் யார் என்று கேட்கப்பட மாட்டாது என்பதே அத்திட்டத்தின் சாரம். 2001 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு மாநில அளவில் 942 பெண்கள் இருக்கச் சேலத்தில் 851 பேர் மட்டுமே இருந்ததைக் காட்டிற்று. இந்த இடைவெளியில் காணாமற் போனவர்களின் எண்ணிக்கையை நோக்கினால், கேள்வி கேளாத தொட்டில் ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

இத்திட்டத்தைக் குறை கூறியோரும் உண்டு. மகளைக் கைவிடுவதை அரசே இயல்பாக்குகிறது என்றும், வரதட்சணையும் ஆண் பிள்ளை மோகமும் அப்படியே இருக்க விளைவை மட்டும் தொட்டிலில் ஏந்துகிறது என்றும் அவர்கள் கூறியதில் உண்மை இருந்தது. ஆயினும் அறநெறி நோக்கில் கவனிக்கத்தக்கது வேறொன்று. இங்கே அரசு, தனக்கு இயல்பான வழக்கத்தைக் கைவிட்டு, தாயின் பெயரை அறியாதிருக்கத் தானே உடன்பட்டது. குழந்தையின் உயிரா, தாயைப் பற்றிய தகவலா என்ற நிலையில் உயிரைத் தேர்ந்ததால் அம்மௌனம் அறமாயிற்று. பிறருக்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என வரையறுத்த திருக்குறளின் நோக்கிலும் இதில் முரண் இல்லை, ஏனெனில் அந்த வரையறையின்படி உண்மையின் மதிப்பு, சொல் நிகழ்ச்சியோடு பொருந்துவதில் மட்டும் அடங்காமல், அது யாருக்கு என்ன விளைக்கிறது என்பதிலும் தங்கியிருக்கிறது.

மௌனம் கைமாறும்போது

இதே சமவெளியில் 2019 ஆம் ஆண்டு ஏப்ரலில், ராசிபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தை விற்பனை பற்றிப் பேசியதாகச் சொல்லப்பட்ட தொலைபேசி உரையாடல் வெளியானது. குழந்தையின் நிறத்துக்கும் பாலினத்துக்கும் ஏற்ப விலை வேறுபடும் என்பதும், வாங்குவோரையே பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழையும் ஏற்பாடு செய்ய முடியும் என்பதும் அதில் இருந்தன. கைதுகள் தொடர்ந்தன, வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது, ராசிபுரம், கொல்லிமலைப் பகுதிகளின் பிறப்புப் பதிவுகளை வீடு வீடாகச் சென்று சரிபார்க்க வேண்டிய நிலை சுகாதாரத் துறைக்கு ஏற்பட்டது. 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் திருச்செங்கோட்டில், குழந்தை விற்பனைக் குற்றச்சாட்டில் அரசு மருத்துவர் ஒருவரும் இடைத்தரகர் ஒருவரும் கைது செய்யப்பட்டனர்.

இவ்வழக்குகளில் ஒவ்வொருவரின் குற்றத்தையும் முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. சிந்தனைக்குரியது அவை காட்டும் அமைப்பு. வறுமையில் உழலும் தாயின் அச்சமும், மணமாகாத பெண்ணின் வெட்கமும், பிள்ளையில்லாத் தம்பதியரின் ஏக்கமும், சட்டப்படி தத்தெடுக்கக் காத்திருக்கும் ஆண்டுகளின் நீளமும் சேர்ந்து ஒரு மௌனத்தை உண்டாக்குகின்றன. தொட்டிலில் அந்த மௌனம் வலுவற்றவரின் கையில் இருந்தபோது குழந்தையைக் காத்தது. தரகரின் கைக்கு அது மாறியபோது, தாயின் வெட்கமே வியாபாரத்தின் மறைப்பாயிற்று. எங்கே சேர்ந்தது என்று எவரும் எழுதி வைக்காத குழந்தையை, எங்கே போயிற்று என்று எவரும் கேட்க இயலாது. ஆகவே மௌனம் நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. அது யாருடைய மௌனம், யாரைக் காக்கிறது என்றே கேட்க வேண்டும்.

மணி அடிக்க இயலாதவர்

தமிழ் மரபில் ஆட்சியின் நீதிக்கு முதன்மையான அடையாளம் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி. சேக்கிழாரின் பெரியபுராணம் விரித்துரைக்கும் அவ்வரலாற்றில், தேர்க்காலில் கன்றை இழந்த பசு திருவாரூர் அரண்மனை வாயிலில் மணியை அடிக்கிறது. அரசன் அத்தேரில் சென்ற தன் மகனுக்கும் அதே முடிவை விதிக்கிறான். குறையுடையோர் எவரும், பேச இயலாத விலங்கும்கூட, அரசனை எட்டலாம் என்பது இதன் பொருளாகப் போற்றப்படுகிறது. ஆயினும் மணியை அடித்தது கன்று அன்று, அதன் தாய். தாயே பிரிந்துவிட்ட, அல்லது தாயிடமிருந்தே பிரிக்கப்பட்ட குழந்தைக்காக மணியை அடிப்பவர் யார் என்பதற்கு அவ்வரலாற்றில் விடை இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே அறிவிக்கும் கடமையைச் சட்டம் வகுத்துள்ளது. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், மருத்துவமனையில் நிகழும் பிறப்பை அதன் பொறுப்பு அலுவலரே பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. பொது இடத்தில் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தையைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பை ஊரின் தலைமை அலுவலர் மீதும் காவல் நிலையப் பொறுப்பாளர் மீதும் சுமத்துகிறது. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதை இன்னும் விரிவாக்கி, ஆதரவின்றிக் காணப்படும் குழந்தையைக் கண்ட தனியாள், காவலர், மருத்துவமனை, மகப்பேறு இல்லம் ஆகிய எவரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்றும், தராமை குற்றம் என்றும் கூறுகிறது. தகவல் சேரும் இடங்களுள் 1098 என்ற உதவி எண்ணும், குழந்தைகள் நலக் குழுவும் அடங்கும். குழந்தைகள் நலக் குழு என்பது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்டு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற மாவட்ட அமைப்பு.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதே நெறியை நுட்பமாக வகுத்திருக்கிறது. குற்றத்தை அறிந்தும் அறிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. குழந்தைக்கோ இத்தண்டனை இல்லை. அதிகாரம் கூடக்கூடச் சொல்லும் கடமை கனக்கிறது, அதிகாரமே இல்லாத இடத்தில் அது முற்றிலும் நீங்குகிறது. சமய நூல்கள் பேசும் கருணைக்குச் சட்ட மொழியில் இதைவிடத் தெளிவான வடிவம் அரிது.

எழுதுவதும் காண்பதும்

அறிக்கை கட்டாயமானால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று கொள்வது தவறு; எழுதப்படும் எதுவும் பொய்யாகவும் எழுதப்படலாம். 2021 ஆம் ஆண்டு மதுரையில் ஒரு காப்பகத்தின் மீது எழுந்த வழக்கில், கொரோனாவால் இறந்து அடக்கம் செய்யப்பட்டதாகப் போலி ஆவணம் காட்டப்பட்ட குழந்தை, விலைக்கு வாங்கியவர் வீட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டது. தாள் ஒன்று மரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது குழந்தை வேறொரு வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது.

கருவில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டின் சட்டமும் இப்பிரச்சினையை எதிர்கொண்டது. ஸ்கேன் சென்டர் ஒவ்வொன்றும் நிரப்ப வேண்டிய ‘எஃப்’ படிவத்தில், கருவுற்ற பெண்ணின் பெயர், வயது, முகவரி, முன்பு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்கள் ஆணா பெண்ணா, பரிசோதனைக்கு அனுப்பிய மருத்துவர் யார், காரணம் என்ன என்பன கேட்கப்படுகின்றன. பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று பெண்ணும், அறியவும் இல்லை, எவருக்கும் தெரிவிக்கவும் இல்லை என்று மருத்துவரும் கையொப்பமிட வேண்டும். மாத அறிக்கை அடுத்த மாதம் 5 ஆம் தேதிக்குள் உரிய அதிகாரியைச் சேர வேண்டும். பாலினம் கண்டறியப்படாது என்ற அறிவிப்புப் பலகை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். இரண்டு மகள்களுக்குப் பின் மூன்றாவதாகக் கருவுற்ற பெண்ணின் படிவத்தில் காரணம் எழுதும் இடம் வெற்றாக விடப்பட்டிருந்தால் அது வெறும் எழுத்தர் பிழையா என்ற கேள்வி நீண்ட நாள் வழக்காடப்பட்டது. மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2019 ஆம் ஆண்டு மே மாதம் 3 ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பதிவுகளை முறையாக வைக்காமையைச் சிறு எழுத்துப் பிழையாகத் தள்ள முடியாது என்று தீர்ப்பளித்து, அதைக் குற்றமாக்கும் பிரிவுகளை உறுதி செய்தது. செய்தவரைத் தவிர வேறு சாட்சி இல்லாத இடத்தில், அச்செயலைப் பற்றிய எழுத்தே சாட்சியாகிறது. அதை வெற்றாக விடுவது சாட்சியை அகற்றுவதற்கு ஒப்பாகும்.

எழுத்தின் வலிமையும் வரம்பும் எங்கே சந்திக்கின்றன என்பதை விளக்கச் சைவ சித்தாந்தத்தின் ஒரு கருத்து உதவுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய கொள்கையை விளக்கும் உரை மரபு, இறைவன் உயிருக்குச் செய்யும் உதவியை இரண்டாகப் பகுத்துப் பேசும். பொருளை உயிர் அறியும்படி வெளிப்படுத்துவது காட்டும் உபகாரம். உயிரோடு உடனின்று தானும் அப்பொருளைக் காண்பது காணும் உபகாரம். கண்ணுக்குப் பொருளைக் காட்டும் அறிவு தானும் கண்ணோடு கூடி நின்றாலன்றிக் காட்சி நிறைவடையாது என்பது இதன் உட்கருத்து. இறைவனுக்கும் உயிருக்கும் உரிய இந்த உறவை மனித அமைப்புகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், அதன் வழியாக ஒரு வேறுபாடு துலங்குகிறது. பதிவேடு காட்டும், ஆய்வுக்கு வருபவர் காண வேண்டும். பதிவேட்டில் இருபது பெயர்கள் இருக்க, பாய்களை எண்ணி, குழந்தைகளோடு அமர்ந்து பேசி, அடுப்பங்கரையையும் கழிப்பறையையும் பார்த்து, இருபது பேரும் அங்கே இருக்கிறார்களா, எப்படி இருக்கிறார்கள் என்று உறுதி செய்யாத ஆய்வாளர், காட்டப்பட்டதைக் காணாமல் திரும்பியவரே ஆவார்.

முன்பு எழுப்பிய சித்திரகுப்தன் பற்றிய கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. இஸ்லாமிய மரபிலும் அத்தகைய கணக்கு உண்டு: குர்ஆனின் 81 ஆம் அத்தியாயம், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடமே எக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று இறுதிநாளில் கேட்கப்படும் எனச் சொல்கிறது. பேச வாய்ப்பே பெறாத குழந்தைக்கு அங்கே முதல் சாட்சியின் இடம் தரப்படுகிறது. இவ்விரு மரபுகளும் உறுதியளிக்கும் தெய்வக் கணக்கு குற்றத்தைத் தீர்க்கிறது, ஆனால் அது குழந்தை இறந்த பின் படிக்கப்படும் கணக்கு. மனிதர் எழுதும் கணக்கு குழந்தை உயிரோடிருக்கும்போதே படிக்கப்பட வேண்டியது. எனவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித் தன் பதிவேட்டை மூடி வைப்பவர், பின்னால் வரும் நீதியைக் காரணம் காட்டி முன்னால் செய்ய வேண்டிய காப்பைத் தவிர்க்கிறார்.

பொதுமக்கள் அறியத் தக்கது

அரசுக்கு அறிவிப்பது ஒன்று, மக்களுக்கு அறிவிப்பது மற்றொன்று. முன்னது இருந்தால் பின்னது எதற்கு என்பாருக்கு, உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பழைய விடையொன்றைத் தருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் ஆக்கின. அவ்விதி ஊரார் வந்துபோகும் கோயிலின் சுவரில் பொறிக்கப்பட்டது. பொதுப் பொறுப்பை ஏற்றவரின் நேர்மைக்கு மேலதிகாரி மட்டுமன்றி ஊரும் சாட்சி என்ற கொள்கை அதில் அடங்கியிருந்தது. தகவல் பெறும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாக 1997 ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டம் இயற்றியதும், 2005 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கேட்கப்படாமலே தகவல்களை வெளியிடும் கடமையைத் தன் நான்காம் பிரிவில் பொது அமைப்புகள் மீது வைத்ததும் அதே கொள்கையின் இன்றைய வடிவங்கள்.

குழந்தைகள் காப்பகங்களைப் பொறுத்தவரை, இக்கொள்கையின் திருப்புமுனையும் தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. இம்மாநிலக் காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வெளிவந்த செய்தியை அடிப்படையாகக் கொண்டு 2007 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் எடுக்கப்பட்ட வழக்கில், 2017 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் தேதி நீதியரசர்கள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பு வழங்கினர். நாட்டின் எல்லாக் காப்பகங்களும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், குழந்தைகள் பற்றிய தரவுத்தளம் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், அதே வேளையில் அதன் இரகசியமும் குழந்தைகளின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும் என்பன அத்தீர்ப்பின் கட்டளைகளுள் சில. அரசு மானியம் பெறாத காப்பகமும் பதிவு பெற்றே தீர வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 41 ஆம் பிரிவு. பதிவின்றி நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எண்ணிக்கையும் தரமும் வெளிப்பட வேண்டும், முகமும் பெயரும் மறைய வேண்டும் என்ற இந்த இருபக்க நெறியைத் தத்து விதிகள் மிகக் கூர்மையாகக் காட்டுகின்றன. கைவிடப்பட்ட குழந்தையின் படத்தையும், தோராய வயதையும், கண்டெடுக்கப்பட்ட இடத்தையும் நாளிதழில் வெளியிட்டு உரியவரைத் தேட வேண்டும்; ஏனெனில் அக்குழந்தை யாரோ ஒரு தாயிடமிருந்து திருடப்பட்டதாகவும் இருக்கலாம். பெற்றோர் தாமே முன்வந்து குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்த குழந்தைக்கு அத்தகைய விளம்பரம் கூடாது. பெற்றோருக்கு மறுபடி சிந்திக்க இரண்டு மாத அவகாசம் தரப்படுகிறது, அவர்களின் அடையாளம் காக்கப்படுகிறது. வெளிப்படுத்துதலும் மறைத்தலும் இங்கே எதிரெதிர்க் கொள்கைகளாக நிற்கவில்லை. குழந்தையின் நலம் என்ற ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டு ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறது.

நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் கொள்முதல் விலை முறையாக அறிவிக்கப்பட்டு, பண்ணையாளரும் வியாபாரியும் கடைக்காரரும் ஒருசேர அறியும் செய்தியாக இருக்கிறது. அவ்வறிவிப்பால் எந்தப் பண்ணையின் தனி இரகசியமும் கெடவில்லை, சந்தையின் நம்பகம் மட்டும் கூடிற்று. அதே மாவட்டத்தின் விடுதிப் பள்ளிகளுக்கு வெளியூர்ப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பும்போது, விடுதிக்கு 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் உண்டா, கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் சான்றும் நடப்பில் உள்ளனவா என்பவை அவ்வளவு எளிதாகத் தெரிய வேண்டியவை. 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பின், ஒரு பள்ளியின் கூரை எதனால் ஆனது என்பது நிர்வாகத்தின் தனி விஷயம் என்று எவரும் சொல்ல இயலாது.

தடைகளும் அவற்றின் எடையும்

இந்த நெறிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் இரண்டு எடையுள்ளவை. ஒன்று, கட்டாய அறிவிப்பு வலுவற்றவரையே விரட்டும் என்பது. பதின்ம வயதில் கருவுற்ற பெண்ணைப் பற்றி மருத்துவர் காவல்துறைக்கு அறிவித்தாக வேண்டுமெனில், அவள் மருத்துவமனைக்கே வராமல் உயிருக்கு ஆபத்தான வழியை நாடக்கூடும். 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி கண்டது: கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டினால், மருத்துவர் தகவலைத் தந்தாலும் அவளது பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை. அறிவிப்பு நிற்கவில்லை, ஆனால் அதன் சுமை அவள்மீது விழவில்லை. தொட்டிலின் மௌனத்துக்கு இருந்த அதே நியாயம் இங்கே சட்டத்தின் மொழியில் இடம்பெற்றது.

மற்றொன்று, சிறு காப்பகங்களும் பால்வாடிப் பணியாளர்களும் ஏற்கெனவே சுமக்கும் எழுத்து வேலை பற்றியது. எடை பார்த்தல், சத்துணவு, முன்பருவக் கல்வி ஆகியவற்றோடு பல பதிவேடுகளையும் கைப்பேசிச் செயலியையும் நிரப்பும் ஒரு பணியாளர், எழுதும் நேரத்தைக் குழந்தையிடமிருந்தே எடுக்க நேர்கிறது. இது நியாயமான குறை. இதற்குத் தீர்வு அறிக்கையை ஒழிப்பதில் இல்லை. குழந்தையின் பாதுகாப்பைக் காட்டாத படிவங்களைக் குறைப்பதிலும், எழுதப்பட்டதைப் படித்து நேரில் வந்து பார்க்கும் அலுவலரைப் போதிய அளவில் நியமிப்பதிலும் இருக்கிறது. எவரும் படியாத அறிக்கையைக் கேட்கும் அரசு, பொய் எழுதும் காப்பகத்தைப் போலவே தன் கடமையில் தவறுகிறது.

ஆகவே இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுதான்: குழந்தைக் காப்பில் மறைவுக்கு உரியவர் குழந்தையும், இக்கட்டில் நிற்கும் தாயும், சொல்லும் கடமைக்கு உரியவர் காப்பகமும், மருத்துவமனையும், அலுவலகமும், அரசும். இந்த வரிசை தலைகீழாகி, குழந்தையின் படம் பரவலாகிக் காப்பகத்தின் ஆய்வறிக்கை பூட்டிக் கிடக்கும் இடத்தில், எவ்வளவு அன்பு இருந்தாலும் அறம் இல்லை. ஊராட்சித் தலைவரின் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஏற்கெனவே வழி செய்யப்பட்டுள்ளது. கிராம சபையும் ஆண்டுக்குப் பல முறை கூடுகிறது. மேச்சேரி வட்டாரத்திலோ சேந்தமங்கலம் வட்டாரத்திலோ கூடும் சபையில் எளிய குடிமகள் ஒருத்தி எழுந்து, இங்குள்ள காப்பகத்தின் பதிவு எந்த ஆண்டு வரை செல்லும், கடைசி ஆய்வு எப்போது நடந்தது, அதில் கண்ட குறைகள் நீக்கப்பட்டனவா, இவ்வாண்டு வந்த குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் வீடு திரும்பியவர், தத்துச் சென்றவர், இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு குழந்தையின் பெயரும் சொல்லாமல் அத்தனைக்கும் உடனே விடை தர முடிய வேண்டும். அந்த விடையைத் தயாராக வைத்திருப்பது, குழந்தைக்குச் சோறூட்டுவதற்கும் தாலாட்டுவதற்கும் சற்றும் குறையாத காப்புப் பணி.